அறுத்த வலைக்கு யார் காசு தருவது?

காரைக்காலில் இன்றும் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. பிரான்சில் தேர்தல் என்றால் இங்கேயும் அவர்கள் வாக்களிக்கிறார்கள். பிரெஞ்சு நாடாளுமன்றம் 2021 நவம்பரில் சட்டம் போட்டு, ஓங்கில் என்னும் டால்பின்களையும் ஓர்க்காத் திமிங்கலங்களையும் தொட்டியில் வைத்து வேடிக்கை காட்டும் தொழிலை 2026 டிசம்பருக்குள் முடித்துக்கொள்ளச் சொன்னது. அந்த முடிவில் காரைக்காலின் திருமலைராயன்பட்டினம் கொம்யூனுக்கும் கடுகளவு பங்கு உண்டு என்று வேண்டுமானால் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

சட்டம் போட்டதோடு கதை முடியவில்லை. தெற்கு பிரான்சில் ஆன்டீப் நகரத்து மரீன்லேண்ட் பூங்கா 2025 ஜனவரியில் கதவைச் சாத்தியது. உள்ளே இரண்டு ஓர்க்காக்களும் பன்னிரண்டு ஓங்கில்களும் இருந்தன. இரண்டு ஓர்க்காக்களும் அந்தத் தொட்டியிலேயே பிறந்தவை, கடலில் இரை தேடிப் பழகாதவை. வேறு நாட்டுப் பூங்காவுக்கு அனுப்பினால் அங்கும் வேடிக்கைதான். கடலோரத்தில் வேலியடைத்த சரணாலயம் கட்ட இடமும் பணமும் வேண்டும். பார்வையாளர் போன பிறகும் விலங்குகள் அதே தொட்டியில் சுற்றிக்கொண்டிருந்தன, அரசும் பூங்காவும் விலங்குரிமை அமைப்புகளும் வழக்காடிக்கொண்டிருந்தார்கள்.

இந்தியா இந்த முடிவுக்கு எட்டு ஆண்டுகள் முன்பே வந்துவிட்டது. கொச்சி முதலான நகரங்களில் ஓங்கில் காட்சியகம் கட்டத் திட்டங்கள் கிளம்பி எதிர்ப்பும் கிளம்பியபோது, 2013 மே 17 அன்று மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் மாநிலங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. எந்தக் காட்சியகத்துக்கும் அனுமதி தர வேண்டாம் என்பது அதன் சாரம். ஓங்கில்களை மனிதரல்லாத ஆட்களாகக் கருத வேண்டும் என்று அறிவியலாளர்கள் சொல்வதையும் அது எடுத்துக்காட்டியது. அதை வைத்து, இந்தியா ஓங்கில்களுக்கு மனித உரிமை கொடுத்துவிட்டது என்று உலகம் முழுக்க இன்னமும் எழுதுகிறார்கள். அப்படி எந்தச் சட்டமும் இங்கே இல்லை.

சுற்றறிக்கையின் பின்னால் ஒரு தமிழ்நாட்டுக் கதையும் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போகும் வழியில் 1990களின் பிற்பகுதியில் டால்பின் சிட்டி என்ற கேளிக்கைப் பூங்கா இருந்தது. பல்கேரியாவிலிருந்து வரவழைத்த ஓங்கில்கள் அங்கே ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. இந்தியாவில் இந்தத் தொழில் வேர்விடாமல் போனதற்குக் கருணையைவிட அந்தச் சாவுகளே முதல் காரணம் என்பது என் எண்ணம்.

தொட்டியில் அப்படி என்ன குறை? வேளாவேளைக்கு மீன் கிடைக்கிறது, சுறா கிடையாது, மருத்துவர் இருக்கிறார். விடை ஒலியில் இருக்கிறது. கடலுக்குள் வெளிச்சம் அதிக தூரம் போகாது, அதுவும் அரசலாறு வண்டலைக் கொண்டுவந்து கொட்டும் நம் கரையோரத்தில் சில முழத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. ஆனால் ஒலி போகும். நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர், காற்றில் போவதைப்போல நான்கு மடங்குக்கும் மேல். ஓங்கில் தன் நெற்றிக்குள் இருக்கும் கொழுப்புத் திரளின் வழியாகச் சொடக்கு ஒலிகளைக் குவித்து முன்னால் அனுப்புகிறது. எதன்மீதாவது பட்டுத் திரும்பும் எதிரொலி, கீழ்த்தாடைக் கொழுப்பின் வழியே உட்காதுக்குப் போய்ச் சேர்கிறது. மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். ஓங்கிலின் சொடக்குகள் 100 கிலோஹெர்ட்ஸைத் தாண்டும். மீன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது, மணலுக்கடியில் புதைந்திருக்கிறதா என்பதெல்லாம் அதற்கு ஒலியாகவே தெரிகிறது. நாலு சிமெண்டுச் சுவருக்குள் அந்தப் புலனுக்கு வேலையே இல்லை. தேட ஒன்றுமில்லை, எந்த மூலை எங்கே என்பது முதல் நாளே தெரிந்துவிடும்.

இன்னொரு செய்தி இதைவிடக் கனமானது. ஒவ்வொரு குப்பிமூக்கு ஓங்கிலும் குட்டிப் பருவத்திலேயே தனக்கென்று ஒரு சீழ்க்கையை உருவாக்கிக்கொள்கிறது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டெபனி கிங், வின்சென்ட் ஜானிக் இருவரும் கடலில் திரியும் ஓங்கில்களின் சீழ்க்கைகளைப் பதிவு செய்து, அவற்றின் நகலை நீருக்கடியில் ஒலிக்கவிட்டு, முடிவுகளை 2013இல் வெளியிட்டார்கள். தன் சீழ்க்கையைக் கேட்ட ஓங்கில் பதில் குரல் கொடுத்தது. மற்றவற்றின் சீழ்க்கையை அவ்வளவாகச் சட்டை செய்யவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதற்கு மிக நெருக்கமான நடத்தை இது. தாயும் குட்டியும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்தே திரியும் ஒரு சமூகத்திலிருந்து ஒன்றை மட்டும் பிடித்துப் பிரிப்பது என்றால் என்ன என்பதை இந்தச் சோதனைக்குப் பிறகு தெரியாததுபோல் நடிக்க முடியாது.

ஒரு முரணையும் சொல்லிவிட வேண்டும். கண்ணாடியில் தெரிவது தன் உடம்புதான் என்பது ஓங்கிலுக்குப் புரிகிறது என்று 2001இல் காட்டியவர்கள் டயானா ரைஸும் லோரி மரினோவும். அந்தச் சோதனை நடந்தது நியூயார்க் காட்சியகத்துத் தொட்டியில். தொட்டிக்கு எதிரான சான்றுகளில் பாதி தொட்டியிலிருந்தே வந்தவை.

சீக்கிரம் செத்துவிடும் என்ற வாதத்தையும் கவனமாகத்தான் பயன்படுத்த வேண்டும். அமெரிக்கப் பூங்காக்களில் உள்ள குப்பிமூக்கு ஓங்கில்கள் இப்போது கடலில் வாழ்பவற்றுக்கு ஈடாக உயிர் பிழைக்கின்றன என்று 2019இல் ஓர் ஆய்வு சொன்னது. ஆய்வாளர்கள் ஓங்கில் வளர்ப்பு நிலையங்களோடு தொடர்புடையவர்கள் என்பது உண்மை. ஆனாலும் எண்கள் முன்னேறியிருப்பதை மறுக்கத் தேவையில்லை. ஆயுள் கூடினால் சிறை நியாயமாகிவிடாது. ஓர்க்காக்களின் நிலையோ வேறு. அமெரிக்கப் பூங்கா நிறுவனமான சீவேர்ல்டின் டிலிகம் என்ற ஆண் ஓர்க்கா 2010 பிப்ரவரியில் தன் பயிற்சியாளர் டான் பிராஞ்சோவைக் கொன்றது. அதைச் சுற்றி எடுத்த பிளாக்ஃபிஷ் ஆவணப்படம் 2013இல் வந்த பிறகு கூட்டம் குறைந்தது. 2016இல் அந்த நிறுவனம் ஓர்க்கா இனப்பெருக்கத்தையே நிறுத்தியது. தொட்டியைப் பற்றிய கேள்விக்கு என் பதில் எளிது: கூடாது.

வேட்டையைப் பற்றிக் கேட்டால் அத்தனை எளிதாகப் பதில் சொல்ல வராது.

இரண்டும் ஒட்டிப் பிறந்த ஓர் இடம் ஜப்பானின் தாய்ஜி. ஓங்கில் கூட்டத்தைப் படகுகளால் வளைத்து, இரும்புக் குழாய்களைத் தட்டி ஒலிச்சுவர் எழுப்பி, குடாவுக்குள் விரட்டுவார்கள். அழகான இளம் ஓங்கில்கள் காட்சியகங்களுக்கு விலைபோகும், மிச்சம் கறியாகும். கறியைவிட உயிரோடு விற்பதில்தான் காசு அதிகம். நானூறு ஆண்டு மரபு என்று ஊர் சொல்கிறது. திமிங்கல வேட்டைக்கு அது பொருந்தும். இந்த விரட்டு முறையோ 1969 வாக்கில்தான் அங்கே நிலைபெற்றது. உலக உயிரியல் பூங்காச் சங்கத்தின் நெருக்கடிக்குப் பிறகு 2015இல் ஜப்பானியப் பூங்காச் சங்கம் தன் உறுப்பினர்கள் தாய்ஜியில் வாங்கக் கூடாது என்று முடிவெடுத்தது. மரபு என்ற சட்டையைப் போட்டுக்கொண்டு வருவதெல்லாம் மரபல்ல என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

இந்தோனேசியாவின் லெம்பாட்டா தீவில் லமலேரா என்ற ஊர் அப்படியல்ல. பாறை நிலம், பயிர் விளையாது. பலகைப் படகின் முனையிலிருந்து ஒருவர் மூங்கில் ஈட்டியோடு எண்ணெய்த் திமிங்கலத்தின் மேலேயே பாய்வார். ஆள் சாவதும் உண்டு. கிடைத்த கறியைக் கருவாடாக்கி, பெண்கள் தலையில் சுமந்துபோய் மலையூர்ச் சந்தையில் சோளத்துக்கும் வாழைக்காய்க்கும் மாற்றுவார்கள். அங்கே போய் நின்றுகொண்டு, திமிங்கலத்துக்கும் அறிவுண்டு என்று பாடம் நடத்த எனக்கு நாக்கு எழாது.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து மக்கா பழங்குடியினரின் கதை இன்னும் யோசிக்கவைப்பது. 1855 ஒப்பந்தத்தில் நிலத்தை விட்டுக்கொடுத்தபோதும் திமிங்கலம் பிடிக்கும் உரிமையை எழுதி வாங்கிக்கொண்டவர்கள் அவர்கள். வணிகக் கப்பல்கள் சாம்பல் திமிங்கலங்களைத் தீர்த்துக்கட்டியதும் 1920களில் தாங்களே வேட்டையை நிறுத்தினார்கள். எண்ணிக்கை மீண்டு, 1994இல் அழியும் இனப் பட்டியலிலிருந்து அந்தத் திமிங்கலம் நீங்கிய பிறகு, 1999 மே மாதம் ஒன்றே ஒன்றைப் பிடித்தார்கள். எழுபது ஆண்டு காத்திருக்கத் தெரிந்த மரபு அது.

ஃபாரோ தீவுகளில் 2021 செப்டம்பரில் ஒரே நாளில் 1,428 ஓங்கில்களைக் கொன்றார்கள். உள்ளூரிலேயே முணுமுணுப்பு எழுந்தது, அத்தனை கறியை யார் தின்பது என்று. அங்கே முதன்மையாகப் பிடிபடும் பைலட் திமிங்கலத்தின் கறியில் பாதரசம் அதிகம், உண்ண வேண்டாம் என்று 2008இலேயே அந்நாட்டுத் தலைமை மருத்துவ அதிகாரியும் உடனிருந்த அறிவியலாளரும் சொல்லியிருந்தார்கள். பசி போன பிறகு, நஞ்சும் தெரிந்த பிறகு, எஞ்சி நிற்பது பழக்கம் மட்டும்.

இந்த ஈட்டிக்காரர்கள் எல்லோரையும் ஒரு தட்டில் வைத்தாலும் ஆலைக் கப்பல்கள் செய்ததற்கு ஈடாகாது. இருபதாம் நூற்றாண்டில் எந்திரக் கப்பல்கள் கொன்ற பெருந்திமிங்கலங்கள் சுமார் 29 லட்சம். நம் பக்கத்துக் கடலும் தப்பவில்லை. 1966 நவம்பரில் சோவியத் கப்பல்கள் ஓமன், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியக் கரைகளுக்கு அப்பால் 238 கூன்முதுகுத் திமிங்கலங்களைக் கள்ளத்தனமாகக் கொன்றன. சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகுதான் கணக்கு வெளியே வந்தது. வேறெங்கும் வலசை போகாத அந்த அரபிக்கடல் இனம் இன்று நூறுகூடத் தேறாது என்று மதிப்பிடுகிறார்கள்.

தமிழர் கரையில் திமிங்கல வேட்டை மரபு இருந்ததில்லை. ஆனால் நமக்கும் ஒரு கடல் பாலூட்டி வேட்டை உண்டு, அதைப் பேசாமல் ஃபாரோக்காரர்களைத் திட்டுவது நேர்மையல்ல. கோடியக்கரைக்குத் தெற்கே பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் கடற்புல் மேயும் ஆவுளியாவை, அதாவது கடல்பசுவை, தலைமுறை தலைமுறையாகப் பிடித்துத் தின்றிருக்கிறோம். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் அதன் கறிக்குத் தனி மவுசு, மருந்து என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதல் பட்டியலிலேயே அதைச் சேர்த்த பிறகும் கள்ளத்தனமாகக் கறி விற்றுக்கொண்டுதான் இருந்தது. சிறைவைத்த கதையும் நமக்கு உண்டு. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1959 முதல் பத்தாண்டுக்கும் மேலாக ஓர் ஆணையும் பெண்ணையும் குளத்தில் வைத்து வளர்த்தது. நிலையத்தின் இயக்குநராக இருந்த எஸ். ஜோன்ஸ் அவற்றைப் பற்றி எழுதிய குறிப்புகள் ஆவுளியா ஆய்வாளர்கள் இன்றும் புரட்டுபவை.

ஆவுளியா விஷயத்தில் அறத்தைவிடக் கணக்கு முந்திக்கொள்கிறது. பெண் ஆவுளியா பருவமடையவே ஆறு முதல் பதினேழு ஆண்டுகள் ஆகும். சினைக்காலம் ஓராண்டுக்கு மேல். ஒரு ஈற்றில் ஒரு குட்டி, அடுத்த குட்டிக்கு இரண்டரை முதல் ஏழு ஆண்டு இடைவெளி. எல்லாம் கூடிவந்தாலும் ஒரு கூட்டம் ஆண்டுக்கு ஐந்து சதவீதத்துக்கு மேல் பெருகாது. வட்டியைத் தின்றால் முதல் தங்கும், முதலில் கைவைத்தால் அடுத்த ஆண்டு வட்டியும் குறையும். தமிழ்நாடு அரசு சொல்லும் எண்ணிக்கை சுமார் 240. அதற்கு வட்டி ஆண்டுக்கு அதிகம் போனால் ஒரு டஜன். ஒரு திருக்கை வலையில் தாயும் குட்டியும் ஒன்றாகப் பட்டால் அதிலேயே அந்த ஆண்டு வட்டியில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். ஆஸ்திரேலியாவின் டாரஸ் நீரிணைத் தீவுக்காரர்கள் சட்டப்படி ஆவுளியா வேட்டையாடுகிறார்கள், அவர்கள் கடலில் அவை ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அதே மரபு, அதே கறி, இங்கே கூடாது. கடல் வேறு, கணக்கு வேறு. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோரக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை நாட்டின் முதல் ஆவுளியாப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அறிவித்தபோது இந்தக் கணக்குதான் அதன் அடியில் இருந்தது.

இதுவரை சொன்ன தொட்டியும் ஈட்டியும் காரைக்கால் கரையில் கிடையாது. பட்டினச்சேரியிலோ கிளிஞ்சல்மேட்டிலோ ஓங்கிலைக் கொல்ல வேண்டும் என்று யாரும் கடலுக்குப் போவதில்லை. ஓங்கில் துள்ளும் இடத்தில் மீன் இருக்கும் என்பதால் அதைக் கண்டால் மகிழ்ச்சிதான். ஆனாலும் ஓங்கில் சாகிறது, செவுளே இல்லாத உயிர் செவுள்வலையில்.

நைலான் இழை ஒலியை மிகக் குறைவாகவே திருப்பி அனுப்பும். மீனைத் துரத்தும் முனைப்பில் ஓங்கில் அதைக் கவனிப்பதில்லை, சில நேரம் சொடக்கே இடாமல் நீந்துகிறது. மாட்டிக்கொண்டால் அதன் உடலமைப்பே எமனாகிறது. நம்மைப்போல் அது தானாக மூச்சு விடுவதில்லை, ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே வந்து நினைத்து விட வேண்டும். அதனால்தான் தூங்கும்போதுகூட மூளையின் ஒரு பாதி விழித்திருக்கிறது. வலைக்குள் சிக்கி மேலே வர முடியாமல் மூச்சை அடக்கி, சில நிமிடங்களில் செத்துவிடும். விடியற்காலையில் வலையை இழுக்கிறவர் பார்ப்பது பிணத்தைத்தான்.

சார்லஸ் ஆண்டர்சன் தலைமையில் ஒரு குழு 2020இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 1950 முதல் 2018 வரை இந்தியப் பெருங்கடலில் சூரை பிடிக்கும் செவுள்வலைகளில் பட்ட ஓங்கில் வகைகள் ஏறத்தாழ 41 லட்சம். இன்றும் ஆண்டுக்கு 80,000 வாக்கில் படுகின்றனவாம். சில இடங்களில் எடுத்த மாதிரியை மொத்த மீன்பாட்டோடு பெருக்கி வந்த எண் என்பதால் கூடக்குறைய இருக்கலாம். பாதியாகவே இருந்தாலும் தாய்ஜியும் ஃபாரோவும் சேர்ந்து ஆண்டுதோறும் கொல்வதை அது எங்கோ தாண்டிவிடுகிறது. ஆனால் இதில் படம் எடுக்க வில்லன் இல்லை, கடல் சிவப்பாவதும் இல்லை. ஆகவே ஆஸ்கரும் இல்லை.

வழிகள் இல்லாமலில்லை. பாகிஸ்தானின் சூரைப் படகுகளில் வலையை மேற்பரப்பிலேயே மிதக்கவிடாமல் இரண்டு மீட்டர் கீழே இறக்கிக் கட்டிப் பார்த்தார்கள், ஓங்கில் படுவது வெகுவாகக் குறைந்தது. ஒலியெழுப்பி எச்சரிக்கும் பிங்கர் கருவிகளும் உண்டு. ஆனால் நீளமான வலையில் சீரான இடைவெளியில் மாட்டி, மின்கலம் மாற்றிக்கொண்டே இருப்பது ஒரு ஃபைபர் படகுக்காரருக்குக் கட்டுப்படியாகாது. மூன்றாவது வழி, உயிரோடு இருக்கும்போதே பார்த்துவிட்டால் வலையை அறுத்து விடுவது.

குஜராத்தில் அது நடந்தது, திமிங்கலச் சுறாவுக்காக. மீன்தான் அது, திமிங்கலம் அல்ல. வேராவல் பக்கத்தில் ஈரல் எண்ணெய்க்காகவும் பிற்பாடு தைவானுக்குக் கறி ஏற்றுமதிக்காகவும் அதைக் கொன்று குவித்தார்கள். 2001இல் சட்டம் தடுத்தது. 2004இல் தொடங்கிய பரப்புரையில் கதாகாலட்சேபம் செய்யும் மொராரி பாப்பு, இது தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்கு வரும் மகள் என்று மீனவர்களிடம் பேசினார். பட்டினச்சேரிக்காரர்களுக்கு இது புரியாத பாஷை அல்ல. மாசிமகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்குத் தங்கள் கரைக்கு வரும்போது மாப்பிள்ளை என்றே முறை வைத்து வரவேற்பவர்கள் அவர்கள். ஆனால் குஜராத்தில் உறவுமுறை மட்டும் வேலை செய்யவில்லை. அறுத்த வலைக்கு வனத்துறை இழப்பீடு கொடுத்தது, அறுத்தவரே எடுத்த படத்தைச் சான்றாக ஏற்றது. மகாராஷ்டிரமும் 2018 முதல் அரிய கடலுயிர்களை விடுவிக்க வலையை அறுத்தவர்களுக்கு 25,000 ரூபாய் வரை தருகிறது.

புதுச்சேரி அரசுக்கு இது புதிய தத்துவம் அல்ல. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்கு ஏற்கெனவே நிவாரணம் தருகிறது. மீன் பெருகுவதற்காகத் தொழிலை நிறுத்துகிறவருக்குப் பொதுப்பணம் தரலாம் என்றால், ஓங்கில் பிழைப்பதற்காக வலையை இழக்கிறவருக்கும் தரலாம். வெளியிலிருந்தும் நெருக்கடி வருகிறது. மீன்பிடியில் கடல் பாலூட்டிகள் சாவதைத் தடுக்க ஈடான ஏற்பாடு இல்லாத நாட்டு மீன் சரக்கை 2026 ஜனவரி முதல் அமெரிக்கா மறுக்கலாம். இந்திய ஆய்வு நிறுவனங்கள் ஓங்கில்களை எண்ணத் தொடங்கியதற்கு அந்த விதியும் ஒரு காரணம்.

அந்த எண்ணும் வேலையில்தான் பெரிய ஓட்டை. ஓங்கில் உட்பட வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியல் விலங்கைக் கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை. வலையில் தானாகச் செத்த ஓங்கிலைக் கரைக்குக் கொண்டுவந்து அதிகாரியிடம் காட்டும் துணிச்சல் யாருக்கு வரும்? கடலிலேயே அவிழ்த்துப் போட்டுவிட்டு வாய் திறக்காமல் வருவதுதான் புத்திசாலித்தனம், அதைக் குறை சொல்ல முடியாது. ஆகவே செத்ததைச் சொன்னால் வழக்கு இல்லை என்ற எழுத்துப்பூர்வ உறுதி முதலில் வேண்டும். இழப்பீடும் ஆறு மாதம் கழித்து வந்தால் பயனில்லை. புது வலைக்கு வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால் கடன் தீரும்வரை பிடித்த மீனை அவரிடமே, அவர் சொன்ன விலைக்கே போட வேண்டியிருக்கும்.